தரம் 5 கடைசி நாள்: மாலை ஆருக்கு?

கோண்டாவில் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மூன்றாம் தவணை வாற கிழமை முடியுது. அதோட என்ர மகன்ர ஆரம்பப் பாடசாலைக் காலமும் முடியுது. தரம் 6 க்கு வேற பள்ளிக்கூடம் போக வேணும்.

நேற்று பெற்றோர் கூட்டத்தில கடைசி நாள் நிகழ்ச்சியை வாசிச்சினம். தரம் 5 இல எழுதிற புலமைப்பரிசில் பரீட்சையில வெட்டுப்புள்ளி (தெரிவாக வேண்டிய ஆகக் குறைஞ்ச புள்ளி) தாண்டின 5 பிள்ளையளையும் வாசலில வச்சு மாலை போட்டு, பாண்ட் வாத்தியத்தோட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவினமாம். மேடையில கதிரை, கேடயம், பிறகு படம் எடுத்து மதிலில பெரிய பதாகை. மற்ற 26 பிள்ளையளும் ரெண்டு பக்கமும் வரிசையா நிண்டு கை தட்ட வேணுமாம்.

என்ர மகன் அந்த 26 இல ஒருத்தன். பரீட்சைப் பெறுபேறு வந்த அண்டைக்கு அவன் அழேல்ல, நாங்களும் பேசேல்ல. வீட்டில அந்தக் கதை முடிஞ்சுது எண்டுதான் இருந்தம். இண்டைக்குக் காலமை, "அம்மா, கடைசி நாள் நான் போகாட்டி ரீச்சர் ஏதும் சொல்லுவாவோ?" எண்டு கேக்கிறான். தரம் 1 இலயிருந்து காய்ச்சலெண்டாலும் பள்ளிக்கூடம் போக வேணுமெண்டு நிண்ட பிள்ளை.

அந்த 5 பிள்ளையளிலயும் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ரெண்டு பேர் எங்கட வீட்டு முற்றத்தில விளையாடி வளந்ததுகள். உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில கடைசி நாளை எப்பிடிச் செய்யினம்? அதிபரோட கதைக்கப் போறதெண்டால் என்னத்தைக் கேக்கலாம்? பள்ளிக்கூடத்தின்ர பேரை ஆரும் கேக்காதேங்கோ.

தாவடி அப்பா:
அக்கா, உங்கட மகன்ர கவலை விளங்குது. ஆனா மற்றப் பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ. என்ர மகள் போன வருசம் தாண்டினவள். ரெண்டு வருசமா விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். ஒரு கோயில் திருவிழா, ஒரு கலியாண வீடு ஒழுங்காப் பாக்கேல்ல. நான் மேசன் வேலை. எங்கட வீட்டில முதல் முதல் மாலை வாங்கினது அவள்தான். அவளின்ர அப்பம்மா அந்த மாலையைச் சாமியறையில கொழுவி வச்சிருக்கிறா.

உழைச்ச பிள்ளையைக் கூப்பிட்டுக் கௌரவிக்கிறது பிழையெண்டால், பிறகு எந்தப் பிள்ளை படிக்கும்? எங்களைப் போல சனத்துக்குப் படிப்பைத் தவிர வேற என்ன இருக்கு?

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:
நான் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஆரம்பப்பிரிவில் படிப்பிக்கிறேன். தரம் 3 இலிருந்து 5 வரை ஒரே வகுப்போடு கூட வருபவள். அதனால் இந்தக் கேள்வி ஒவ்வொரு சுற்றிலும் என் மேசைக்கு வரும்.

முதலில் கடைசிக் கிழமை எங்களுக்கு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வரவு இடாப்பைக் கூட்டி முடிக்க வேண்டும். முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். திருப்பித் தர வேண்டிய பாடநூல்களை வாங்கி, கிழிந்தது வேறாக, பாவிக்கக் கூடியது வேறாக அடுக்க வேண்டும். தரம் 5 என்றால் விடுகைப்பத்திரமும் சேரும்: பிறந்த திகதி, சேர்ந்த திகதி, சேர்விலக்கம், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அடுத்த பாடசாலையில் அந்தத் தாய் அலைய வேண்டி வரும். வெளியில் கார்த்திகை மழை விட்டிருக்காது. ஒளிவிழாவுக்கு (நத்தார் விழாவுக்கு) பாட்டுப் பழகும் சத்தம் மண்டபத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். இதற்குள் "கடைசி நாளுக்கு என்ன செய்யலாம்" என்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. போன வருடம் நடந்ததையே இந்த வருடமும் செய்துவிடுகிறோம். மாலையும் பாண்டும் அப்படித்தான் பழக்கமாகின. அதற்குப் பின்னால் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. அதிபரோடு கதைக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு கதையுங்கள் அம்மா. குற்றம் சாட்டுவது போல் போனால் கதவு மூடிவிடும்.

நான் செய்வது இதுதான். முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியர் குறிப்பு என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வழக்கமாக "நன்று", "மேலும் முயற்சி தேவை" என்று எழுதி ஒப்பம் வைப்போம். தரம் 5 மூன்றாம் தவணைக்கு மட்டும் அந்தப் பெட்டியில் அந்தப் பிள்ளைக்கே உரிய ஒரு வசனம் எழுதுவேன். "தரம் 3 இல் கடன் வாங்கிக் கழித்தலுக்கு அழுதவர், இந்த வருடம் அதையே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்." "வகுப்பில் யாருக்கு மூக்கால் இரத்தம் வந்தாலும் முதலில் ஈரத்துணியோடு வருபவர்." "கொக்கு, நாரை, நீர்க்காகம் மூன்றையும் பறக்கும்போதே பிரித்துச் சொல்லக் கூடியவர்." கடைசி நாள் இடாப்பு ஒழுங்கில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்த வசனத்தை எல்லார் முன்னாலும் வாசித்துக் கையில் கொடுப்பேன். வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைக்கும் வசனம்தான். அதில் புள்ளி வராது.

கிழமை முழுக்க இரவில் இருந்து எழுத வேண்டி வரும். பரவாயில்லை. சில பிள்ளைகளுக்கு வசனம் உடனே வந்துவிடும். சத்தமில்லாமல் நடுவரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் யோசிக்க வேண்டி வரும். அந்தப் பிள்ளைகளுக்காகவே இதை விடாமல் செய்கிறேன்.

மானிப்பாய் அக்கா:
ரீச்சர், வாசிக்க நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

நான் வேற ஒண்டு சொல்ல வேணும், ஏனெண்டால் கடைசி நாள் வராத பிள்ளையள் எல்லாம் புள்ளியால மட்டும் நிக்கிறேல்ல. பார்ட்டிக் காசு. எங்கட வகுப்பில பெற்றோர் வட்ஸ்அப் குழு ஒண்டு இருக்கு. அதில நாலைஞ்சு தாய்மார் தங்களுக்குள்ள முடிவெடுத்து, கேக், ரோல்ஸ், ஐஸ்கிரீம், ரீச்சருக்குச் சாறி எண்டு கணக்குப் போட்டு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு எண்டு போட்டுவிட்டினம். ஆர் ஆர் குடுத்தாச்சு எண்டு பச்சைச் சரி போட்டுப் பட்டியலும் ஓடுது. கூலிக்குப் போற வீடு, வெளிநாட்டுக் காசு வராத வீடு, மழைக்கு வேலையில்லாமல் இருக்கிற வீடு, அந்தப் பட்டியலைத் தினமும் பாக்க வேணும். அதோட "கலர் உடுப்பு" வேற. கடைசி நாள் சீருடை போடத் தேவையில்லையாம். பிள்ளையளுக்குச் சந்தோசம்தான், ஆனா தீபாவளிக்கே புது உடுப்பு எடுக்காத பிள்ளை எதைப் போடும்?

போன வருசம் என்ர மகளின்ர கூட்டாளி ஒருத்தி கடைசி நாள் வரேல்ல. வயித்துக்குத்து எண்டு சொல்லி நிண்டிட்டாள். தைப்பொங்கலுக்குத்தான் உண்மை தெரிய வந்தது.

சீருடையோட வாங்கோ, காசு சேர்க்க வேண்டாம். வாற தாய்மார் இயலுமெண்டால் ஒரு பெட்டி மோதகமோ கடலையோ அவிச்சுக்கொண்டு வரட்டும், எல்லாத்தையும் ஒரு மேசையில வையுங்கோ, ஆர் கொண்டு வந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. ரீச்சருக்குச் சாறி வேண்டாம். இதைக் கூட்டத்தில ஒரு ஆள் எழும்பிச் சொன்னால் காணும், பாதிப் பேர் ஓம் எண்டுவினம். சொல்ல ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:
சாறி வேண்டாம் என்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆசிரியர்களே தவணை தொடங்கும்போது இதைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் சொல்லச் சங்கடப்படுவார்கள்.

இளைப்பாறிய அதிபர்:
தாவடித் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மகளின் உழைப்பும் உங்கள் உழைப்பும் பெரிது. அந்த மாலையை ஒருவரும் பறிக்கவில்லை.

ஆனால் இந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். 1945 இல் இலவசக் கல்வி வந்த காலத்தில், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளைத் திறந்தார். வறிய கிராமத்துப் பிள்ளை காசில்லாத காரணத்தால் நின்றுவிடாமல், உதவிப் பணத்தோடு அங்கே போய்ப் படிக்கட்டும் என்பதற்கே ஐந்தாம் வகுப்பில் தெரிவு வைத்தார்கள். இன்றைக்கும் இதற்கு இரண்டு வேலை: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பது, கேள்வி கூடிய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவது. முதலாவது வேலையை ஒருவரும் கதைப்பதில்லை. இரண்டாவதுதான் பதாகையில் வருகிறது.

இதைச் சித்தி, சித்தியின்மை என்று கதைப்பதே பிழை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். இருக்கிற இடத்துக்கும் உதவிப் பணத்துக்கும் ஏற்ப இழுக்கப்படும் கோடு அது. 2024 இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். தாண்டியது ஐம்பதாயிரம் சொச்சம். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். எல்லாப் பிள்ளைகளும் இரவு பகலாகப் படித்தாலும் அடுத்த வருடமும் கணக்கு இதுதான். கோடு மட்டும் மேலே போகும். ஆகவே கோண்டாவில் அம்மாவின் வகுப்பில் 31 பேரில் 5 பேர் தாண்டியது நாட்டு நிலவரத்துக்கு ஒத்த முடிவு. மற்ற 26 பேரும் படிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

அதே 2024 இல்தான் வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 3 வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி ஆனது. மாதக் கணக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள். ஓரிரு புள்ளியில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் பிள்ளைகளுக்கு இடையில் என்ன வித்தியாசம் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 1999 இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுக்க வந்தபோது தரம் 1, 2 ஒரு நிலை, 3, 4 ஒரு நிலை, 5 ஒரு நிலை என்று பிரித்து, பிள்ளை எந்தத் தேர்ச்சியை அடைந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை எல்லாம் அதோடு வந்தவை. "எத்தனையாம் பிள்ளை" என்ற கேள்வி அந்தத் திட்டத்துக்குள் இல்லை. நாங்கள்தான் அதை வீட்டுப் படலையிலிருந்து வகுப்புக்குள் கொண்டு வந்தோம்.

அதிபர் என்ற முறையில் என் ஆலோசனை: வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளைப் பரிசளிப்பு விழாவில் கௌரவியுங்கள். அங்கே விளையாட்டுக்கு, தமிழ்த்தினப் போட்டிக்கு, சித்திரத்துக்கு என்று பலருக்கும் பரிசு உண்டு. கடைசி நாளில் அது வேண்டாம். அந்த நாள் வகுப்பு பிரிகிற நாள்.

தாவடி அப்பா:
ஐயா, ஆறு பேருக்கு ஒருத்தர் எண்ட கணக்கு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். ரியூசன்காரர் இதைச் சொல்லுறேல்ல.

பரிசளிப்பு விழாவில செய்யிறது எண்டால் எனக்குச் சம்மதம். ஒண்டும் செய்யாமல் விடுறதுதான் எனக்கு ஏலாது. அந்தப் பதாகையைப் பாத்துத்தான் எங்கட ஒழுங்கையில ரெண்டு தாய்மார் பிள்ளையளை ஒழுங்காப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கினவை. அதையும் கணக்கில எடுங்கோ.

சங்கானையாள்:
பதாகையால என்ர மகன் ஒரு வருசம் அந்தப் பாதையால போகேல்ல. சுத்திப் போறவன். இப்ப ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுத்து நல்ல பெறுபேறு. இதுக்கு மேல எழுத மனம் வரேல்ல.

ரொறன்ரோ இணுவிலான்:
1995 இல நான் அஞ்சாம் வகுப்பு. ஒக்டோபர் 30 ஆம் திகதி யுத்தத்தால வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. மூன்றாம் தவணை பாதியில நிண்டது. மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமாத் தென்மராட்சிக்குப் போனம். புத்தகப் பையை அம்மா எடுக்க விடேல்ல, அதுக்குள்ள தம்பியின்ர உடுப்பை அடைஞ்சவா.

அடுத்த வருசம் திரும்பி வந்தாப் பிறகு வகுப்பில அரைவாசிப் பேரைக் காணேல்ல. கொஞ்சப் பேர் வன்னிக்குப் போட்டினம், கொஞ்சப் பேர் கொழும்பு, பிறகு வெளிநாடு. எங்கட அஞ்சாம் வகுப்புக்குக் கடைசி நாள் எண்டு ஒண்டு வரவேயில்லை. ஆரோடயும் போட்டு வாறன் எண்டு சொல்லேல்ல. எனக்குப் பக்கத்தில இருந்தவன் இப்ப எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது. அவன்ர அழிறப்பர் கனநாள் என்னட்டை இருந்தது.

உங்கட பிள்ளையளுக்கு ஒழுங்கா ஒரு கடைசி நாள் கிடைக்குது. 31 பேரும் ஒரே இடத்தில, ஒரு ஆபத்தும் இல்லாமல். அதை ரெண்டாப் பிரிக்காதேங்கோ எண்டு உங்கட அதிபரிட்டை நான் சொன்னதாச் சொல்லுங்கோ அக்கா.

அடுத்தது, எங்களைப் போல வெளியில இருக்கிறவை செய்யிற வேலை. பழைய மாணவர் சங்கத்துக்கால நாங்கள் ஒவ்வொரு வருசமும் காசு அனுப்புறம். "புலமைப்பரிசிலில சித்தியடைஞ்ச மாணவர்க்கு" எண்டு குறிச்சு அனுப்புறம். சைக்கிள், ரப்லெட், தங்கக் காசு எண்டு கூடிக்கொண்டு போகுது. பள்ளிக்கூடம் அந்தக் காசை வேற விதமாச் செலவழிக்கேலாது. மேடை போடுறதும் பதாகை அடிக்கிறதும் எங்களுக்குப் படம் அனுப்ப வேணும் எண்டதாலயும்தான். இந்த முறை எங்கட கூட்டத்தில "தரம் 5 பிள்ளையள் எல்லாருக்கும்" எண்டு மாத்தச் சொல்லிக் கேக்கப் போறன். தரம் 6 க்குப் போற பிள்ளைக்கு உண்மையில என்ன தேவை? அங்க இருக்கிறவை சொல்லுங்கோ.

நெடுந்தீவில் படிப்பிக்கிறவன்:
எங்கள் தரம் 5 இல் இந்த வருடம் நான்கு பிள்ளைகள்தான். மாலை போடுவதென்றால் நான்கு பேருக்கும் போடலாம், பிரச்சினை வராது. கடைசி நாளின் நேரத்தை இங்கே படகுதான் தீர்மானிக்கும். மார்கழிக் காற்று எழும்பினால் குமுதினிப் படகு ஓடாது. படகு ஓடும் என்று தெரிந்தால், ஆசிரியர்கள் குறிகட்டுவானுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் காலையிலேயே எல்லாம் நடந்து முடியும். பிள்ளைகள் இறங்குதுறை வரை வந்து நிற்பார்கள். அடுத்த வருடம் எந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரொறன்ரோ அண்ணா கேட்டதற்கு: சப்பாத்து, பை, தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாரும் சொல்வார்கள். என் பட்டியலில் முதலாவது அகராதி. தரம் 6 இல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், புதுப் பாடங்கள், புதுச் சொற்கள். பிள்ளை வீட்டில் கேட்க ஆளில்லாமல் தடுமாறும். ஒரு நல்ல தமிழ் அகராதி, ஒரு ஆங்கில-தமிழ் அகராதி. பிறகு கேத்திரகணிதப் பெட்டி.

மானிப்பாய் அக்கா:
அகராதி நல்ல யோசனை. சப்பாத்தை விடாதேங்கோ. தூரப் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குச் சப்பாத்துக் கெதியாத் தேயும்.

கோண்டாவில் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நானும் இன்னும் ரெண்டு தாய்மாரும் அதிபரைச் சந்திச்சம். அதில ஒரு ஆள் வெட்டுப்புள்ளி தாண்டின பிள்ளையின்ர தாய். அவவாத்தான் வந்தவ. "என்ர பிள்ளையும் கூட்டாளிமாரோட வரிசையில நிக்கத்தான் ஆசைப்படுறாள்" எண்டு அதிபருக்கு முன்னால சொன்னதும் அவருக்கு முகம் மாறிப்போச்சு.

அவர் முழுக்க இறங்கி வரேல்ல. பதாகைக்கு அச்சகத்தில காசு குடுத்தாச்சாம், அது மதிலில வரும். பழைய மாணவர் சங்கத்துக்குப் படம் அனுப்ப வேணும் எண்டும் சொன்னவர். ஆனா மாலை, கேடயம் எல்லாம் பரிசளிப்பு விழாவுக்குத் தள்ளிப் போட்டாச்சு. பாண்ட் கடைசி நாள் இருக்கும், தரம் 5 பிள்ளையள் 31 பேருக்கும் சேர்த்து, இடாப்பு ஒழுங்கில மண்டபத்துக்குள்ள கூட்டிக்கொண்டு வருவினம். ரீச்சர் சொன்ன வசனத்தை வகுப்பாசிரியைக்கு வாசிச்சுக் காட்டினன். அவ கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "31 பேருக்கும் எழுத எனக்கு நாலு நாள் வேணும், வரவு இடாப்புக் கூட்ட ஆராவது உதவி செய்வீங்களோ?" எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன்.

காசு சேர்க்கிற கதையைக் குழுவில நானே எழுதினன். மானிப்பாய் அக்கா சொன்ன மாதிரிக் கனபேர் உடன ஓம் எண்டினம். சீருடைதான். சாப்பாடு ஒரு மேசையில.

மகனிட்டைச் சொன்னன். "பாண்டில ட்ரம் அடிக்கிறது ஆர்?" எண்டு கேட்டான். போவான் போலத்தான் கிடக்கு.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்:
நல்ல செய்தி அம்மா. இடாப்புக்கு உதவப் போகும்போது வகுப்பாசிரியைக்குப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். முற்றத்தில் விளையாடும் பிள்ளையை எங்களை விட உங்களுக்குக் கூடத் தெரியும். வசனத்துக்கு உதவும்.

இன்னும் ஒரு விசயம், எல்லாப் பெற்றோருக்கும்: விடுகைப்பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள், பெயரின் முதலெழுத்து உட்பட. பாடசாலை பூட்டிய பிறகு திருத்துவதென்றால் அடுத்த தவணை வரை இழுபடும். திருப்பித் தர வேண்டிய பாடநூல்கள் வீட்டில் இருந்தால் கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ரொறன்ரோ இணுவிலான்:
எங்கட சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அகராதி ரெண்டு, கேத்திரகணிதப் பெட்டி, சப்பாத்து எண்டு எழுதிக்கொண்டு போறன். யாழ்ப்பாணத்தில மொத்த விலைக்கு எடுத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருமெண்டு ஆராவது கடையில விசாரிச்சு இஞ்ச போட்டுவிடுங்கோ. கேள்வி கேப்பினம், கையில கணக்கு இருக்க வேணும்.

தாவடி அப்பா:
நான் நாளைக்கு ரவுணுக்குப் போறன். கேட்டு எழுதிறன்.